செம்புக் கம்பி வளையல்

குருசுக்குப்பத்து ஜெயசித்ரா குரோஷா ஊசியால் பின்னாத விரிப்பு இல்லை. பிழை வந்தால் நூலை இழுப்பாள், பிரிந்து வந்துவிடும்.

2006-இல் உல்லன் நூலோடு மெல்லிய செம்புக் கம்பியையும் சேர்த்து வளையல் பின்ன ஆரம்பித்தாள். கம்பியை இழுத்தால் பிரியவில்லை. முறுக்கிக்கொண்டு விரலைக் குத்தியது.

"சனியன், சொன்ன பேச்சு கேக்குதா பாரு" என்று பகல் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் மிஞ்சியது ஒரு சிக்குப் பந்து. அதைக் குழாயடிப் பக்கம் விட்டெறிந்தாள்.

மீன் விற்றுவிட்டு வந்த மாமியார் பூவாயி அதை எடுத்துக் குழம்புச்சட்டியைத் தேய்த்தாள்.

"கம்பி நல்லா சொரண்டுது, நூலு சோப்பைப் புடிச்சிக்குது" என்றாள் மனம் நிறைந்து. "இத்தினி வருசமா பின்னுற, சித்ரா. இன்னிக்கிதான் உருப்படியா ஒண்ணு பின்னியிருக்க."