ஹட்டனில் ஆறவைத்துப் பார்த்த டீசல் லாரி

ராகலையில் எங்களுக்கு மரக்கறிக் கடை. சொந்த லாரி வேண்டுமென்று அப்பாவுக்கு ரொம்ப நாள் எண்ணம். ஹட்டனில் எண்பதாயிரம் மைல் ஓடிய டீசல் லாரி ஒன்று விலைக்கு வந்தது. போன சனிக்கிழமை அப்பா, மாமா, நான் மூவரும் புறப்பட்டோம். மாமா அம்மாவின் தம்பி. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இந்த லாரியை ஓட்டப்போகிறோம் என்று நம்பி, முதல் நாளே அந்த வேலையை விட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை; ரயில் ஆசையில் ஒட்டிக்கொண்டேன்.

காலை ஆறுக்கு பஸ். நுவரெலியா பதினான்கு மைல், முப்பது சதம். அங்கிருந்து நானுஓயா ஐந்து மைல், பத்துச் சதம். (மழையில் ஜன்னல் ஓரம் நனையும், உள்ளே தள்ளி உட்காருங்கள்.) ஹட்டனுக்கு ரயிலில் இருபது மைல், மூன்றாம் வகுப்பு நாற்பது சதம். மாமா உட்காரவே இல்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஏறினார்.

பத்து மணிக்குப் போனபோது லாரி மாலையும் சந்தனமுமாக உறுமிக்கொண்டு நின்றது. ராகு காலம் தொடங்குமுன், எட்டரைக்கே பூஜை போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டதாக லாரி முதலாளி சொன்னார். அப்பாவுக்குத் திருப்தி, அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

மாமா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல எஞ்சின் மச்சான்" என்றார்.

சூட்டில் கிழட்டு எஞ்சினும் நன்றாக ஓடும், ஆறினபின் கையால் சுற்றினால்தான் உள்தேய்மானம் தெரியும் என்று எங்கள் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் லாரியைக் குறை சொல்பவரே மாமாதான். அன்று அவர் என் பக்கம் திரும்பவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அப்பா முன்பணத்துக்கு மடியை அவிழ்த்ததும் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அணைக்கச் சொல்லுங்கப்பா. ஆறட்டும்."

"பொம்பளப் புள்ளையும் எஞ்சின் பாக்குதுங்களா?" என்று முதலாளி சிரித்தார். "மாமன் சொல்லிக் குடுத்தாரோ?"

மாமா சிரிக்கவில்லை.

அப்பா எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஆறும்வரை நான்கு மணி நேரம் மழையில் கடைவீதியை மேலும் கீழும் அளந்தோம். மாமா பத்துத் தடவையாவது போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டரைக்கு அவரே எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை முன்னால் போட்டு மெதுவாகச் சுற்றினார். நான்கு சிலிண்டரும் காற்றை அமுக்கிக் கையைத் திருப்பித் தள்ள வேண்டும். இரண்டு தள்ளின. மற்ற இரண்டிலும் கைப்பிடி வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் ஊற்றும் வாயில் வைத்திருந்த என் உள்ளங்கையில், சிலிண்டரில் நிற்காமல் கசிந்த காற்று புஸ்ஸென்று பட்டது. மூன்று தடவை சுற்றினார். மூன்று தடவையும் அப்படித்தான்.

கைப்பிடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "வேணாம் மச்சான். உள்ளுக்குத் தேஞ்சு கெடக்கு."

பழைய லாரி பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டி நேரம் சொல்லாதீர்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது.

திரும்பும் ரயிலில் மாமா தலவாக்கலையில் இறங்கினார். தோட்டத்து மேலாளரான துரையிடம் போய் வேலையைத் திரும்பக் கேட்பதாக அப்பாவிடம் மட்டும் சொன்னார். தோட்டம் அங்கிருந்து பன்னிரண்டு மைல். பஸ்ஸுக்கு நிற்காமல் நடக்கத் தொடங்கினார். நான்கு நாளாகிறது, தகவல் இல்லை. பஸ் வரும்போதெல்லாம் கடைக்கு வெளியே வந்து நிற்கிறேன்.