குறுக்குத்துறைக் குளியலும் பதினெட்டாயிரம் வெள்ளையணுவும்

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளையணு பதினெட்டாயிரம். பதினோராயிரம் வரைக்கும்தான் இருக்கலாம் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. "வெள்ளையணுதான் நம்ம உடம்புக்குப் போலீஸ்" என்று வகுப்பில் முப்பது வருஷம் கத்திய அறிவியல் வாத்தியார் நான். இத்தனை போலீஸ் வந்து நின்றால் ஊருக்குள் என்ன கலவரமோ?

கண்ணை அப்படியே விட்டுவிட்டு, மனைவியோடு ரத்த டாக்டரிடம் போனேன். காய்ச்சல் உண்டா, சீழ்ப்புண் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். எதுவும் இல்லை.

"மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களா சார்?"

"ஒண்ணும் கிடையாது" என்றேன். பச்சைப் பொய்.

ஆறு வாரத்துக்கு முன்னால் மூட்டுவலி தாங்காமல், பேட்டையில் மருந்துக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கினேன். உறையில்லாத மாத்திரை, காகிதப் பொட்டலம். மூன்றே நாளில் மாடிப்படி ஏறினேன். எப்படி என்று தெருவில் கேட்டார்கள். அறிவியல் வாத்தியார் உண்மையைச் சொல்ல முடியுமா? "எல்லாம் தாமிரபரணித் தண்ணி வே! விடியக்காலம் குறுக்குத்துறையில முங்கிப் பாரும்" என்று அளந்துவிட்டேன். மூட்டுவலிக்காரர்கள் எல்லாம் துண்டோடு கிளம்பிவிட்டார்கள். முதல் ஆள் என் மனைவி. பொய்யைக் காப்பாற்ற நானும் தினமும் நடுங்கிக்கொண்டே முங்கினேன்; மாத்திரையையும் தினமும் ஒளித்து விழுங்கினேன்.

"வலி மாத்திரை, பொடி, லேகியம்?" டாக்டர் விடவில்லை.

"ஆத்துக் குளிதான் டாக்டர். அதுலதான் இவுகளுக்கு மூட்டே சரியாச்சு" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "ரத்தத்தைக் கண்ணாடியில தடவிப் பார்த்ததுல கெட்ட அணு தெரியலை. ஆனா காரணம் தெரியாம விட முடியாது. ரத்தப் புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணணும். இடுப்பெலும்புல ஊசியை இறக்கி மஜ்ஜை எடுக்க வேண்டியிருக்கும்."

மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அதுவரை எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. ஊசி என்றதும் மானம் எங்கேயோ ஓடிவிட்டது. அவள் கண்ணில் படக்கூடாதென்று சட்டைப் பையிலேயே வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

டாக்டர் பிரித்துப் பார்த்தார். "ஸ்டீராய்டு மாதிரில்லா இருக்கு! இதைத் தின்னா வெள்ளையணு ஏறத்தான் செய்யும் சார். சட்டுன்னு நிறுத்தக் கூடாது. பையப் பைய குறைச்சுட்டு மறுபடி ரத்தம் பார்ப்போம். ஊசி இப்ப வேண்டாம்."

போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் கையை எடுத்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களுக்குக் கொணமாச்சு, எனக்கு மட்டும் ஆகலையேன்னு ஆத்துல நின்னு அழுதிருக்கேன்" என்றாள். "எனக்குத்தான் நம்பிக்கை பத்தலைன்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று படி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள். எனக்கு எந்தப் படியிலும் வலிக்கவில்லை.