தராசு வைத்த பதினெட்டு நாள்

2023 செப்டம்பர் 6, புதன்கிழமை. நாலே காலுக்கு எழும்பினேன். அடுப்பை மூட்டிப் பிளேன்டீ போட்டுக் குடித்தேன். ஐந்து மணிக்கு ஐஸ் பெட்டியைக் கழுவினேன். ஐந்தரைக்கு, நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாவிக்கரையில் நின்றேன். கணவரின் தோணி ஐந்து ஐம்பதுக்குக் கரை தொட்டது. காற்று இல்லை, தண்ணீர் கலங்கல். பெரிய மீனில் ஏழு செல்வன், பதினொரு ஒட்டி, பிறகு ஒரு கூடை யப்பான் மீன், மிச்சம் பொடி மீன். இவ்வளவும் என் கொப்பியில் இருக்கிறது. அவர் பிடிப்பதை நான் கரையிலேயே விற்பேன். விற்றதை அன்றன்றே எழுதுவேன். பத்து வருடமாக அப்படித்தான்.

தோணி தள்ளும் சவளைத் தோளில் வைத்தபடி அவர் சொன்னது மட்டும் கொப்பியில் இல்லை.

"போறதெண்டா நாளைக்கு விடிய அஞ்சு மணி லொறியில ஏறோணும், புள்ள. அதுக்குப் பிறகு வேற ஆளப் போட்டிருவாங்க."

பொலன்னறுவைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் காவல் வேலை. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. மாதச் சம்பளம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வரலாம். அந்தப் பேச்சு ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயதில் அவர் வேறு ஊரில் ஒரு கேற்றடியில் குந்தியிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாள் பொறுங்கள், இந்த மீனிலேயே கூடுதலாக எடுத்துக் காட்டுகிறேன் என்று கேட்டிருந்தேன். அதற்காகத்தான் காத்தான்குடிக்குப் போய் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன்.

எங்கள் கரையில் மீன் நிறுத்து விற்பதில்லை. சாக்கை விரித்துக் கூறு போடுவோம். ஒரு கூறில் ஒரு செல்வன் அல்லது இரண்டு ஒட்டி, அதோடு ஒன்றிரண்டு யப்பான், சுற்றிவர ஒரு கை பொடி மீன். கூறு ஐந்நூறு ரூபா. நிறை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நான்தான் ஒரு நாள் கேட்டேன். வாங்கி வந்த தராசில் அன்றைய கூறுகளை விற்க முதல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்று எண்ணூறு கிராம், பக்கத்தில் இருந்தது ஒன்றே கால் கிலோ, இரண்டும் ஒரே விலை. இத்தனை வருடமாக என் கை இப்படித்தான் அள்ளியிருக்கிறது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து கூறு இல்லை, கிலோதான்.

அந்தப் புதன்கிழமை, தராசு வைத்துப் பதினெட்டாவது நாள். பக்கத்துச் சாக்கில் கணவரின் தங்கச்சி, என் மச்சாள், வழமைபோலக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். தராசைத் துடைத்து வைத்ததும் தொடங்கிவிட்டாள்.

"நகைக்கடை திறந்தாச்சு. மச்சாள், எனக்கு ரெண்டு கிராம் ஒட்டி தாங்க, தோட்டுக்குப் போட."

"செய்கூலி சேதாரம் வேற வரும், பறவாயில்லையா?" என்றேன்.

ஆறு பத்துக்குக் காத்தான்குடியில் இருந்து என் பழைய வாடிக்கைக்காரி ஓட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் எட்டுப் பேர். முன்பு வாரத்தில் நாலு நாள் என்னிடம்தான் எடுப்பாள். தராசைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், மச்சாளின் சாக்கடிக்குப் போய் இரண்டு கூறைப் பையில் கொட்டினாள்.

நான் கேட்டேவிட்டேன். "என்னில என்ன கோவம் கா?"

"கோவம் ஒண்டுமில்லக்கா. அஞ்சூறு ரூபாக் கூறெண்டா பெரிசு ஆணம் காச்ச, பொடி பொரிக்க. ரெண்டும் வந்திரும். உங்கட தராசில நான் எத கேக்குற? அரைக் கிலோ செல்வன் எடுத்தா பொரிக்க இல்ல. பொடிய மட்டும் நிறுத்து வாங்கிப் போனா வீட்ட ஏசுவாங்க. உங்களுட்ட மீன் இருக்கு, கறி இல்ல."

ஓட்டோ போய்விட்டது. மச்சாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பதினெட்டு நாளும் என் கரையில் நடந்தது என்னவென்று அப்போதுதான் வரிசையாக விளங்கியது. தராசு வைத்ததும் ஆட்கள் தெரிந்தெடுக்கத் தொடங்கினார்கள். செல்வனும் ஒட்டியும் ஆறரைக்குள் நல்ல விலைக்குப் போய்விடும். பொடியும் யப்பானும் தேங்கி நிற்கும். ஒன்பது மணிக்குக் கருவாடு போடுகிறவர் வந்து கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். பெரிய மீன் கூறுக்குள் இருந்தபோது பொடியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. நான் அதைப் பிரித்துவிட்டேன்.

செல்வன் ஏழும் அப்போது என்னிடம்தான் இருந்தன. தராசை நிறுத்தி ஓரமாக வைத்தேன். சாக்கை விரித்தேன்.

"ஆ, கடை பூட்டியாச்சா?" என்று மச்சாள் கேட்டாள். தன் சாக்கைக் கொஞ்சம் இழுத்து எனக்கு இடம் விட்டாள்.

பன்னிரண்டு கூறு போட்டேன். ஏழு இருபதுக்குச் சாக்கில் செதிள் மட்டும் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். என் பிழை என் கையெழுத்திலேயே இருந்தது. தராசு வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கிலோ விலையை எழுதி, முந்தைய நாளைவிடக் கூட என்றால் கீழே கோடு போட்டிருக்கிறேன். முடிந்த பதினேழில் பதின்மூன்று நாள் கோடு. தேங்கிய மீனை ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறேன். மொத்தத்தை ஒரு நாள்கூட முந்தைய மாதத்தோடு ஒப்பிடவில்லை. அன்று ஒப்பிட்டேன். ஏறத்தாழ மூன்று நாள் வருமானம் குறைவு. மீனின் அளவில் வித்தியாசமே இல்லை.

அதைவிடப் பெரிய பிழை வேறு. பின்னேரங்களில் அவர் "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பார், நான் தொகையைச் சொல்வேன். குறைந்த தொகைகள். பொடி மீன் தேங்கியதற்கு அவருடைய வலையைக் குறை சொன்னேன். அவர் திரும்பவும் லொறி ஏற யோசித்தது நான் சொன்ன அந்தத் தொகைகளை வைத்துத்தான்.

பத்தரைக்கு அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கொப்பியோடு போய் எதிரில் இருந்தேன்.

"ஆறு குறைச்சுத் தரல்ல. நான்தான் குறைச்சு வித்திருக்கன்," என்றேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

அவர் ஊசியை நிறுத்திக் கேட்டார். முழுவதையும் சொன்னேன்.

"அப்ப என்ர வலைக்குப் பேசின பேச்செல்லாம்?"

"அது வலைக்கு இல்ல. எனக்குத்தான்."

"வலைட்ட மன்னிப்புக் கேளு, இந்தா கிடக்கு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எண்டாலும் புள்ள, சம்பளம் மாரியிலயும் வரும். மழைக்க ஆறு என்னத்தத் தரும்?"

மாதச் சம்பளம் அளவுக்கு வாவி தரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தராது. அப்படிச் சொன்னால் மறுபடியும் அரைகுறைக் கணக்காகிவிடும். போன வருட மாரிக் கொப்பியை எடுத்து வந்து கொடுத்தேன். தோணி இறங்காத நாட்கள், முகத்துவார மணலை வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடிய நாட்கள், அந்த நாட்களில் வலையில் பட்ட இறால், எல்லாம் கூறு விலையில் இருந்தன.

"போங்க எண்டும் சொல்லல்ல, நில்லுங்க எண்டும் சொல்லல்ல. சரியான கணக்கு இதுதான். பாத்துட்டுச் செய்யுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பின்னேரம் வலை போட்டு வந்தார். ஆனால் அந்த வலையை விடிய மச்சாளின் கணவரும் தன் தோணியில் போய்த் தூக்கலாம். சாப்பிடும்போது மீன் முள்ளைப் பற்றி மட்டும் பேசினார். பயணப் பை ஆணியில் தொங்கியது. அதற்குள் ஏதும் வைத்தாரா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, வியாழக்கிழமை. நாலே காலுக்கு எழும்பினேன். பக்கத்துப் பாய் சுருட்டியிருந்தது. முதல் வேலையாக, அடுப்படிக்குப் போகாமல், வாசலுக்குப் போய்ச் சவள் சாத்தி வைக்கும் மூலையைப் பார்த்தேன். சவள் அங்கே இல்லை.