பலகையில் ஒக்னியான்

விதின் நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில், சாலை வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளை மெதுவாக்கக் கொடி பிடிக்கிறவள் நான். என்னைக் கடந்து போகும் ஓட்டுநர்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. மீதிப் பேர் முகத்தைப் பார்ப்பதற்குள் போய்விடுவார்கள். எனக்குச் சற்று முன்னால், சக்கரம் வைத்த மின்பலகை ஒன்று நிற்கும். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். வேகம் 40.' அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டவர் வெலிச்கோ.

அதன் சூரியத் தகட்டைத் தன் கைக்குட்டையால்தான் துடைப்பார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்தப் பலகையும், எங்கள் குழுவிலேயே சாலையில் தடுப்புக் கூம்பு அடுக்குகிற மகன் ஒக்னியானும்தான். முப்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பாவைக் கிண்டல் செய்தே பொழுதைக் கழிக்கிறவன் அவன்.

"அப்பா, உன் பலகைய எவன் படிக்கிறான்? நேத்து ஒருத்தன் கூம்பை இடிச்சுட்டு எனக்கு டாட்டா வேற காட்டிட்டுப் போறான்."

"படிக்கிறதுக்குப் புத்தி வேணும்டா. உனக்கே நான் காதைத் திருகித்தானே எழுத்துக் கத்துக்குடுத்தேன்."

ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். வெலிச்கோ பலகையின் சுவிட்சை நிறுத்தப் போனார். பொறியாளர் யாவோர் தடுத்தார்.

"எரியட்டும் வெலிச்கோ. சோதனைக்கு எவனாவது வந்தா பலகை எரியுதான்னுதான் பாப்பான்."

எங்கள் வேலையில் இது வழக்கம்தான். அந்த வாரம் முழுக்க ஆளில்லாத சாலையில், ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று பலகை சொல்லிக்கொண்டே நின்றது. தினமும் அந்த வழியே போகிறவர்கள் முதலில் வேகத்தைக் குறைத்துத்தான் பார்த்திருப்பார்கள். ஈ காக்கா இல்லை. பிறகு எதற்குக் குறைக்கிறார்கள்?

திரும்பி வந்த காலையில் வேனுக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதினோம். யார் முட்டை உடையாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த வருஷம் முழுக்க நோய்நொடி கிடையாது. ஒக்னியானுடையது நின்றது. "பாத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று முட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கூம்பு அடுக்கப் போனான்.

சாம்பல் நிறக் கார் ஒன்று பலகையைத் தாண்டி, என் கொடியையும் தாண்டிப் போய் அவன்மேல் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. ஓட்டியவன் போலீசிடம் அழுதுகொண்டே சொன்னானாம்: "ஒரு வாரமா அங்க யாருமே இல்லையே!" பாவி, பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சில வாரம் கழித்து வெலிச்கோ வேலைக்கு வந்தார். நாற்பதாம் நாளன்று, எங்கள் வழக்கப்படி, மகன் படம் போட்ட அஞ்சலித் தாள்களை வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் போலீஸ் விசிலுக்கு நிற்காவிட்டாலும் அஞ்சலித் தாளுக்கு நிற்பார்கள். யார், என்ன வயசு என்று படிக்காமல் நகரமாட்டார்கள்.

அன்று காலை மின்பலகையிலும் எழுத்து மாறியிருந்தது. 'ஒக்னியான். இங்கே இறந்தான். இன்று நாற்பதாம் நாள்.'

கார்கள் மெதுவாகின. ருமேனியாவுக்குப் போகிற லாரிகள்கூட ஊர்ந்தன. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு அம்மாள் என்னருகே கண்ணாடியை இறக்கி, "யாரு பெத்த பிள்ளையோ" என்று சிலுவைக்குறி போட்டாள். பெற்றவர் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

யாவோர் கத்திக்கொண்டே வந்தார். "யாரைக் கேட்டு மாத்தினே நீ?" சாலையைத் திரும்பிப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி... நாள் கணக்க மட்டும் எடுத்துடு. வேலை முடியற வரைக்கும் அவன் பேரு இருக்கட்டும்."

"இருக்கும். ஆனா ஆளுங்க கிளம்பினதும் நிறுத்திடுவேன். இனிமே இந்தப் பலகை பொய் சொல்லாது."

அப்படியே செய்தார். காலையில் மகன் பெயரை எரியவிடுவார். சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிறுத்துவார். கண்கொண்டு பார்க்க முடியாது.

"குடுங்கண்ணே, நான் நிறுத்துறேன்" என்றேன் ஒருநாள்.

"வேணாம்மா. இது என் வேலை. அன்னிக்கே செஞ்சிருக்கணும்."

திராட்சை பறிக்கும் காலத்தில் சாலை முடிந்தது. புதுத் தார், வெள்ளைக் கோடு. யாவோர் வெலிச்கோவிடம் வந்து, தணிந்த குரலில் பேசினார்.

"பலகைய இழுத்துட்டுப் போக வண்டி திங்கக்கிழமைதான் வருது. அது வரைக்கும் பையன் பேரு எரியட்டுமே."

வெலிச்கோ என்னைப் பார்த்தார்.

"கூம்பெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுண்ணே."

"நம்ம ஆளுங்க எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

சுவிட்சில் கை வைத்தார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பெயர் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிறுத்தினார்.

நாங்கள் ஓரத்தில் நிற்கும்போதே ஒரு கார் காற்றாய்ப் பறந்து போனது. பழக்கதோஷத்தில் நான் கையை ஓங்கித் திட்ட ஆரம்பித்தேன். வெலிச்கோ என் கையைப் பிடித்து இறக்கினார்.

"விடும்மா, போகட்டும். இப்ப அங்க யாரும் இல்ல."