போன் வராத வீடுகள்

வருஷா வருஷம் புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அதே லயம், அதே வீடுகள். ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் நோய் எப்படி ஏறுகிறது என்று தெரியும் என்பார்கள். சுகாதார ஆய்வுக்காகக் கேள்வி கேட்பது என் வேலை. கூட வரும் தாதி ரத்தம் எடுப்பார். கோளாறு இருந்தால் நான்தான் கூப்பிட்டுச் சொல்வேன். "போன் வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று வீட்டுக்கு வீடு ஒப்பித்துவிட்டு வருவேன்.

கடைசியாகப் போனபோது, பழம் பொறுக்கும் ஓர் அக்கா கால்விரல் புண்ணைக் காட்டினார். கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். "அதான் ரத்தம் எடுத்திட்டீங்களே, பாத்துச் சொல்லுங்கலா" என்றார். சரி என்று தலையாட்டினேன். அதற்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இரண்டு வாரத்தில் ஆய்வை நடத்திய வெளிநாட்டுப் பணம் நின்றது. ஆய்வுக்குக் கொடுத்த போனையும் டேப்லெட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லார் நம்பரும் அதோடு போயிற்று. எடுத்த ரத்தத்தைச் சோதிக்காமலே கொட்டிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இத்தனை வருஷத் தகவல் பாதியில் அறுந்துவிட்டதே என்று மேலதிகாரி புலம்பினார். நான் வேலை போனதற்கு அழுதேன். போனை எதிர்பார்த்திருந்தவர்களை இரண்டு பேருமே நினைக்கவில்லை. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அந்த லயத்துக்குப் போனேன். அக்கா நாற்காலியில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, இனிப்பு நீர் முற்றி, புண் அழுகி, எடுத்துவிட்டார்கள்.

"உங்க போன் வரலியேன்னு நிம்மதியா இருந்தேன்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். அவர் கைலியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வெளியே வந்தால், பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதே நாளில் அவரிடமும் ரத்தம் எடுத்திருந்தோம். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார்.

"நீங்க போன் பண்ணிச் சொல்லியிருப்பீங்க, அப்பவே அக்கா கிளினிக் போயிருக்கலாம்லா" என்றார் மெதுவாக. "நல்ல வேள, எங்க வீட்டுக்குப் போன் வரல."