அம்மாவுக்கு நான் எழுதிய எண்ணங்கள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இப்போதும் அலுவலகக் கூட்டங்களில் மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பதினோரு வயதில் கேட்கவே வேண்டாம். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவேன். இப்படிப்பட்ட என் தலையில்தான் மனத்தைக் கவனித்து எழுதும் பொறுப்பு வந்து விழுந்தது. அதுவும் என் மனத்தை அல்ல, அம்மாவின் மனத்தை.

அம்மா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். காருக்குள் ஓடும் வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்துக் கட்டுகிற வேலை. நாங்கள் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து அவள் அந்த ஒரே லைனில்தான் நின்றாள். கைவேகத்துக்குப் பேர் போனவள். அவள் ஒரே மாதத்தில் இரண்டு தடவை, மஞ்சள் வயர் போக வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு போட்ட மஞ்சளைச் சொருகிவிட்டாள்.

கம்பெனி அவளைத் திட்டவில்லை. அதைவிட மோசமாக அக்கறை காட்டியது. தப்பு செய்த பெண்கள் பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்து, ஆறு வாரம் சனிக்கிழமைதோறும் ஷிஃப்ட் முடிந்ததும் கவனப் பயிற்சி வகுப்பில் உட்காரச் சொன்னது. கடைசியில் வகுப்பு நடத்தும் மேடம் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தால் லைனுக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் பேக்கிங். பேக்கிங்குக்குப் போனவர்கள் அடுத்த காண்ட்ராக்டில் இருப்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், அம்மா சொல்லி எனக்கும் தெரியும்.

வகுப்புக்கு வீட்டுப்பாடம் உண்டு. ஒரு நோட்டில் தினமும் ஐந்து கட்டம் போட்டு, இன்று கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது என்று நான்கை நிரப்ப வேண்டும். ஐந்தாவது கட்டம் எண்ணத்துக்கு. வருகிற எண்ணத்தைப் பிடித்து வைக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது, வந்ததை வந்தபடி எழுதினால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குக் கன்னடம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. எழுதத்தான் வராது. அதை மேடத்திடம் சொல்ல வெட்கம். ஏற்கெனவே ஒரு குறை சொல்லித்தானே அனுப்பியிருக்கிறார்கள், இன்னொன்றை நாமே எடுத்துக் கொடுப்பானேன் என்று நினைத்தாள். நான் கன்னடப் பள்ளியில் ஆறாவது படித்தேன். நோட்டு என் மடிக்கு வந்தது.

அப்பா மண்டி மொஹல்லாவில் லக்கேஜ் ஆட்டோ ஓட்டினார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா உக்கார்றதுக்கு ஒரு கிளாஸு, அதுக்கு ஒரு நோட்டு வேற. என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பனே” என்றார். சொன்ன கையோடு டிவி முன்னால் உட்கார்ந்து தூங்கியும் காட்டினார்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாலையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வாள், நான் எழுதுவேன்.

“கேட்டது என்னம்மா?”

“பஸ்ஸு சத்தம்னு போடு. குக்கரு சத்தம்.”

“நெனப்பு?”

“நாளைக்கு என்ன கொழம்பு வெக்கறதுன்னு போடு.”

மறுநாளும் பஸ், குக்கர், குழம்பு. அதற்கு மறுநாளும் அதேதான். நடுவில் அவள் கையிலிருக்கும் கத்தி அப்படியே நின்றுவிடும். பலகையைப் பார்த்தபடி இருப்பாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெளியே காலி மனையில் பிள்ளைகள் ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கும் லகோரி ஆடிக்கொண்டிருப்பார்கள். கல் சரியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். ‘சீக்கிரம் எதையாவது நினைத்துத் தொலையேன்’ என்று அம்மாவின் மேல் ஆத்திரமாக வரும்.

இரண்டாவது வாரம் வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மூச்சில் உட்கார்ந்து வரப்போகிற ஏழு நாளையும் எழுதி முடித்துவிட்டேன். “நான் பாத்துக்கறேன்மா, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றபோது அம்மா மறுப்பு சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு வேலை குறைந்தது.

ஆனால் பொய் எழுதுவது நான் நினைத்ததுபோல லேசான வேலையாக இல்லை. கண்டது, கேட்டதை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். மோட்டார் போட்டதும் குழாய் முதலில் இருமும், அதை எழுதினேன். அம்மாவின் விரல் நுனியில் எப்போதும் இருக்கும் வயர் உறையின் வாசனையை எழுதினேன். ஐந்தாவது கட்டம்தான் படுத்தியது. பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் என் தலைக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியதோ அதைப் பிடித்து எழுதினேன்.

‘என் பெயரை யாரும் கூப்பிடாமல் ஒரு நாள் போனால் நன்றாக இருக்கும்.’

‘முடித்த வேலையையே மறுபடி செய்யச் சொல்கிறார்கள்.’

‘இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது.’

‘கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் போக முடியவில்லை.’

எல்லாம் லகோரிக்காகத் தவித்த மனம். தண்ணீர் பிடி, துணி எடு, கடைக்கு ஓடு என்று என்னை ஏவிக்கொண்டே இருந்தவர்கள் மேல் இருந்த கோபம். என்னிடம் அது ஐந்து வாரத்துக்குத் தாராளமாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு நஞ்சன்கூடு லோடு இருந்ததால் அம்மா என்னையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொழிற்சாலை கேண்டீனில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேடத்தின் மடியில் பத்து நோட்டுகள். அவர் மெதுவான குரலில், எல்லாரும் பஸ், குக்கர், குழம்பு என்றே எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் மட்டும்தான் உண்மையாகத் தன்னைப் பார்த்திருக்கிறார் என்றார். எங்கள் நோட்டை எடுத்து வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு இது தோன்றவே இல்லை.

ஆறு வாரத்தில் அந்தப் பயிற்சியை யாராவது முறையாகச் செய்திருந்தால், அது அந்த ஐந்து நிமிடம் நான் செய்ததுதான். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் டக் டக்கென்று இடிப்பது கேட்டது. ஆறிப்போன டீயின் வாடை வந்தது. நாற்காலி விளிம்பு தொடையில் அறுத்தது. அம்மாவைப் பேக்கிங்குக்கு அனுப்பப் போகிறார்கள், என்னால்தான் அனுப்பப் போகிறார்கள் என்ற ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. அதை என்னால் விரட்டவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.

மேடம் கதவைப் பற்றிய வரியை வாசித்து நிறுத்தினார். அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இது உங்கள் எண்ணம்தானே என்று மேடம் கன்னடத்தில் கேட்டார்.



“நந்தே மேடம்” என்றாள் அம்மா. என்னுடையதுதான் என்று.

குரல் சரியாக எழும்பவில்லை. மாட்டிக்கொள்ளும் பயம் என்று எனக்குப் புரிந்தது, எனக்கும் அதே பயம்தானே. மேடம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். அங்கேயே காகிதத்தை எடுத்து ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது பெண்களில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அம்மாவின் மேல் எல்லாருக்கும் பொறாமை என்று நினைத்தேன்.

கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. டவுன் பஸ்ஸுக்காக மெயின் ரோட்டு நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். முதுகில் எப்போது விழும் என்று நான் காத்திருந்தேன். அடி விழவில்லை. எங்கள் பஸ் ஒன்று வந்து நின்றது. அம்மா எழுந்திருக்கவில்லை, அதுவும் போய்விட்டது.

“அந்தக் கதவு நெனப்ப எப்புடி எழுதியிருந்த? மறுக்காச் சொல்லு கண்ணு” என்றாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாளைக்கே மேடம் கூப்பிட்டு ஏதாவது கேட்டால் தடுமாறக் கூடாது, அதற்காக மனப்பாடம் செய்கிறாள். கெட்டிக்காரிதான் என்று மெச்சிக்கொண்டேன். டீச்சரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா ரோட்டைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னாள்.

“என்ற பேர ஆரும் கூப்புடாம ஒரு நாளு போனா நல்லா இருக்கும்.”

“ம்.”

“கதவு தொறந்துதான் இருக்குது. ஆனா போக முடியல.”

“ம். சரியாச் சொல்ற.”

“காலைல பஸ்ஸு கம்பெனி வாசல்ல வந்து நிக்கறப்ப, எறங்காம அப்படியே போயிரலாமான்னு இருக்குது. எங்க போறதுன்னுதான் தெரியல.”

“அம்மா, அது நோட்டுல இல்ல!”

“இல்லையா?”

“நான் எழுதவே இல்ல. மேடம் கேட்டா இதையெல்லாம் சேத்துச் சொல்லிராத, மாட்டிக்குவோம்.”

“செரி கண்ணு. சொல்லல.”

நாலே நாலு வரியைச் சொல்லிக் கொடுத்தபடி சொல்லத் தெரியவில்லையே இவளுக்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னேன்.