கைதட்டலுக்கு எழுந்து நின்றவர்

நியூசிலாந்தின் ரானுயியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. அந்தப் பக்கத்துக் கொடியில் தலைப்பாகைத் துணிகள் காயும். நீலம், மஞ்சள், கருஞ்சிவப்பு. ஒவ்வொன்றும் ஐந்தாறு கெஜம். மேற்கிலிருந்து காற்று வந்தால் வேலி தாண்டி வந்து என் சட்டைகளைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் துணிகளைப் பற்றி எத்தனையோ வரிகள் எழுதியிருக்கிறேன். அவற்றைக் கட்டுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரு ஜோக் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் பஞ்சாபி, சீக்கியர், பஸ் ஓட்டுகிறார். ஆங்கிலமும் என் அரைகுறை இந்தியும்தான் எங்களுக்கு நடுவில் ஓடும் மொழி. அவர் என்னை ‘பாஜி’ என்பார், நானும் அவரை ‘பாஜி’ என்பேன். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடும் சொல்.

ஒரு மத்தியானம் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். “வந்த புதுசுல வேலை கிடைக்கல, பாஜி. ஒருத்தன் நேராவே சொன்னான், தலையில இருக்கறத எடுத்துட்டு வா, பாக்கலாம்னு. எடுத்துட்டேன். முடியையும் வெட்டிட்டேன். மறுநாள் காலையில பல் தேய்க்கப் போனா, கண்ணாடியில எவனோ நிக்கறான். நிஜமா பயந்துட்டேன். என் மனைவி வந்து பாத்துட்டு பாத்ரூம் தரையிலயே உக்காந்து அழுதா.”

மறுபடி முடி வளர மூன்று வருடம் ஆயிற்றாம். இப்போது தினமும் காலையில் அவர் தலைப்பாகை கட்டத் துணியை மடிக்கும்போது, மறுமுனையை மனைவிதான் பிடித்துக்கொள்கிறார். ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். நடுவில் துணி மட்டும் விறைப்பாக நிற்கும்.

ஜனவரியில் ஒனிஹங்காவில் ஒரு ஹாலில் பொங்கல் விழா. தொகுப்பாளன் நான். அவரையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தேன். மூன்றாவது வரிசையில், அந்த ஹாலின் ஒரே தலைப்பாகையாக, கருஞ்சிவப்பில் உட்கார்ந்திருந்தார். நடனமாட வேண்டிய பிள்ளைகள் சலங்கை கட்டி முடிக்கவில்லை. “அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் இழுங்க” என்றார் விழா நடத்துகிறவர்.

இழுக்க வேண்டுமென்றால் என் தலைமுறைக்குக் கைவசம் இருப்பது சர்தார்ஜி ஜோக். வாரப் பத்திரிகைகளின் பக்க ஓரங்களில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நான் அன்று சொன்னது பத்திரிகையில் வந்தது அல்ல.

“ஒரு சர்தார்ஜி நியூசிலாந்து வந்தாராம். வேலைக்காக முடிய வெட்டிட்டாராம். காலையில பாத்ரூமுக்குப் போனவரு, உள்ள யாரோ திருடன் இருக்கான்னு போலீசுக்கு போன் பண்ணிட்டாராம். போலீஸ் அங்க அடையாளம் கேட்டுச்சாம். ‘எங்க சார் சரியாப் பாக்க விட்டான்? நான் எட்டிப் பாத்தப்பல்லாம் அவனும் எட்டிப் பாத்தான்’னாராம்.”

ஹால் அதிர்ந்தது. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. நான் தமிழில் பேசியதில் அவருக்குப் பிடிபட்டது ‘சர்தார்ஜி’ என்ற ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லோடு அத்தனை முகங்களும் சிரித்தபடி தன் பக்கம் திரும்பியதும், மேடையிலிருந்து தன்னை அறிமுகப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்றார். கைகூப்பினார். வலது பக்கம் ஒரு கும்பிடு, இடது பக்கம் ஒரு கும்பிடு. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. யாரோ கைதட்ட, ஹால் முழுக்கக் கைதட்டியது. அவர் மனைவி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையோரம் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து நண்பர் என் தோளைத் தட்டினார். “அண்ணை, ஆளையே கூட்டிக்கொண்டு வந்து எழுப்பிக் காட்டிப் போட்டியள். நல்ல செட்டப்.”

டெல்லியில் இரண்டு வருடம் ‘ஏ மதராசி’ என்று கூப்பிடப்பட்டவன் நான். ஒவ்வொரு முறையும் காது சுட்டது. அதே காதுகளோடு மைக் முன்னால் நின்று நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பாஜிதான் கார் ஓட்டினார். கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

“பாஜி, என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?”

“நல்ல மனுஷர், எங்க பக்கத்து வீட்டுக்காரர், இவர் மாதிரி அண்ணன் கிடைக்க மாட்டார்னு சொன்னேன்.”

பின் சீட்டிலிருந்து என் மனைவி தமிழில் சொன்னாள். “அடப்பாவி. வாய் கூசலையா உங்களுக்கு?”

“பாபிஜி என்ன சொல்றாங்க?”

“நான் சொன்னது போதாதாம்.”

அவர் கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அவள் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எங்களைக் குருத்வாராவுக்குக் கூட்டிப் போனார். என் தலையில் ஆரஞ்சுத் துணி ஒன்றைத் தானே கட்டிவிட்டார். தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். பரிமாற வந்த ஒவ்வொருவரிடமும் அவர் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். எனக்கும் ஒரு சொல்தான் புரிந்தது, ‘ஸ்டேஜ்’. அவர்கள் ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். நானும் வாயில் ரொட்டியோடு கும்பிட்டேன்.

ஞாயிறுகளில் அவருடைய சேவை வாசலில், வந்தவர்களின் செருப்பும் ஷூவும் துடைத்து வைப்பது. சாப்பிட்டதும் அங்கே போனேன். என் ஷூவைத்தான் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக்கை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஆங்கிலத்தில் அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

அவர் கை நிற்கவில்லை. குதிகாலில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். பிறகு கேட்டார்.

“அதுல என் மனைவி வர்றாளா?”

“இல்ல.”

“தரையில உக்காந்து அழுதது?”

“அத நான் சொல்லல, பாஜி.”

அவர் ஷூவை என் காலருகில் வைத்தார். “ஜலந்தர்ல இருக்கற எங்கம்மாவுக்கு அன்னைக்கே அவ போன் பண்ணிட்டா. ஒரு ஹால் முழுக்க எனக்காகக் கைதட்டுச்சுன்னு. முடிய வெட்டின கதை அம்மாவுக்கும் தெரியும். என் மனைவிகிட்ட மட்டும் இதச் சொல்லாதீங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குள் அவர் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்தபடி வெளியே வந்தார். பின்னால் அவர்கள் சொந்தக்காரப் பெண்கள் இருவர். “பாஜி, அன்னைக்கு மேடையில இவரப் பத்திச் சொன்னீங்களே, அத இவங்களுக்கும் ஒரு தடவ சொல்லுங்க.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த அவர் பார்க்கவில்லை. அடுத்த ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்ல மனுஷர்” என்று தொடங்கினேன். “இவர் மாதிரி அண்ணன் கிடைக்க மாட்டார்.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றைக்கூட நிமிர்ந்து நின்று சொல்ல முடியவில்லை.